பேவர் தளத்தில் பள்ளம், ஆட்டம், தேக்கம்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டை ஒட்டிப் பேவர் கல் பதித்துத் தளம் போட்டவர்கள், இரண்டு மழைக்காலம் கழிந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கல்லு சரியில்லையோ?" கல் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். கோளாறு கல்லுக்கு அடியில் உள்ள மணலில் இருக்கும், இல்லாவிட்டால் ஜல்லியில். அதுவும் இல்லையென்றால் தண்ணீர் போகிற வழியில். அதனால் மேலே எதையாவது பூசி மறைக்கிற வேலை எதுவும் இங்கே கிடையாது. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒரு கல்லைத் தூக்கிப் பார்ப்பதுதான்.

இதில் சொல்வதெல்லாம் மணல் படுக்கையில் பதித்த தளத்துக்கு. கான்கிரீட் மேல் கலவை போட்டு ஒட்டிய கல்லாக இருந்தால், தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்கிற கல்லை மட்டும் பெயர்த்து மறுபடி ஒட்டலாம். மற்ற வழிகள் அதற்குப் பொருந்தாது.

## முதலில்: ஒரு கல்லைத் தூக்குவது

தேவைப்படுவது இரண்டு தட்டை முனை ஸ்க்ரூடிரைவர், ஒரு பழைய கத்தி, ரப்பர் சுத்தி. கல்லைச் சுற்றியுள்ள இடுக்கு மணலைக் கத்தியால் கீறி, அடிவரை எடுத்துவிடுங்கள். பாதி மணலை உள்ளேயே விட்டுவிட்டு நெம்பினால் பக்கத்துக் கல்லின் விளிம்புதான் தெறிக்கும். எதிரெதிர்ப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அசைத்தால் கல் மேலே வரும். முதல் கல்தான் படுத்தும். அடுத்தது கையோடு வந்துவிடும்.

தூக்கியதும் மூன்று விஷயம் பாருங்கள். மணல் எவ்வளவு கனம்? 25 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் அதுவே பள்ளத்துக்குக் காரணம். மணலைக் கையில் அள்ளிப் பிசைந்தால் சேறு மாதிரி ஒட்டுகிறதா? ஒட்டினால் அதில் மண்ணோ நைஸான கல்தூளோ கலந்திருக்கிறது, அது தண்ணீரை விடாது. மணலை ஒதுக்கிவிட்டுக் கடப்பாரை முனையை ஜல்லியில் ஊன்றிப் பாருங்கள். நன்றாக இறுக்கிய ஜல்லி என்றால் 'டங்' என்று எதிர்த்து நிற்கும். கையால் அழுத்தியதற்கே இறங்கினால் அடித்தளம் போடவேயில்லை, அல்லது போட்டதை இறுக்கவில்லை. ஓங்கிக் குத்த வேண்டாம். அடியில் ஒயரோ குழாயோ ஓடலாம்.

## அறிகுறி: ஓரிடத்தில் மட்டும் பள்ளம்

அதிகம் வருகிற கோளாறு இது. காரணமும் இடத்துக்கு இடம் மாறும். பள்ளம் எங்கே விழுந்திருக்கிறது என்பதே பாதி பதில்.

மொட்டை மாடித் தண்ணீர் விழும் குழாய்க்கு நேர் கீழே இருந்தால்: மழைத்தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கி மணலை அரித்துக்கொண்டு போகிறது. பள்ளத்தை நிரப்புவதற்கு முன்னால் குழாயின் வாயை நீட்டித் தளத்துக்கு வெளியே விடுங்கள். இதைச் செய்யாமல் மணல் மட்டும் நிரப்பியவர்கள் அடுத்த மழைக்கே மறுபடி கூப்பிடுவார்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டி நீளமாக இருந்தால்: அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தை மூடிய மண் இது. கட்டடம் எழுப்பிய பிறகு அந்த மண்ணை யாரும் முறையாகத் திமிசு (மண்ணை இடித்து இறுக்குகிற கட்டை) போட்டு இறுக்குவதில்லை. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். சுவர் ஓரம் பூராவும் கல்லை எடுத்து, ஜல்லி மட்டம் வரை தோண்டி, இறுக்கித்தான் மறுபடி போட வேண்டும்.

சேம்பர் (கழிவுக் குழாய்களைத் திறந்து பார்க்கிற தொட்டி) மூடியைச் சுற்றி இருந்தால்: காம்பாக்டர் மெஷின் மூடிக்கு அருகே போகாது. அந்த ஒரு சாண் இடம் இறுகாமலே இருந்திருக்கும். கைத்திமிசு கொண்டு இடித்தால் சரியாகும். ஆனால் மூடியைத் திறந்து சேம்பரின் உட்சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். விரிசல் வழியாக மணல் உள்ளே கொட்டிக் கிடந்தால், முதலில் அந்த விரிசலை அடைக்க வேண்டும்.

எதற்கும் சம்பந்தமில்லாமல் நடுவில் இருந்தால், அதுவும் வாரா வாரம் ஆழமானால்: அடியில் குழாய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். வீட்டில் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால் எங்கோ தண்ணீர் போகிறது. கழிவுக் குழாய் மேல் சந்தேகம் என்றால் கழிப்பறையில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, பள்ளத்தில் தோண்டிய குழியில் நிறம் வருகிறதா என்று பார்க்கலாம். இரண்டில் எது உறுதியானாலும் பிளம்பரை அழையுங்கள். குழாய் சரியாகும்வரை கல்லைத் தொட்டுப் பயனில்லை.

காரணத்தை நீக்கியாயிற்று என்றால் பள்ளத்தைச் சரிசெய்யும் வேலை எல்லா இடத்திலும் ஒன்றே. முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கல்லின் வரிசை மறந்துபோகும். பள்ளத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் இரண்டு வரிசை கூடுதலாகக் கல்லை எடுங்கள். பழைய மணலை வழித்தெடுத்துவிட்டு, குறைகிற உயரத்தை ஜல்லியும் தூளும் கலந்த கலவையால் நிரப்புங்கள். 75 மி.மீ. கனத்துக்கு மேல் ஒரே நேரத்தில் கொட்டாமல், ஒவ்வொரு அடுக்கையும் லேசாக நனைத்து இடித்து இறுக்குங்கள். மணலைக் கொட்டி உயரத்தைச் சரிக்கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற குறுக்குவழி. மணல் கனமாக ஆக, கல் மறுபடி இறங்கும்.

பிறகு 25 மி.மீ. விட்டமுள்ள இரண்டு பைப்பை இணையாக வைத்து, நடுவில் பருமணலைக் கொட்டி, நேரான அலுமினியப் பட்டியால் இழுத்து மட்டம் செய்யுங்கள். பைப்பை எடுத்த தடத்தை மணலால் மூடுங்கள். இழுத்த மணலை மிதிக்கவும் கூடாது, இடிக்கவும் கூடாது. கல்லைப் பதித்ததும் அது சுற்றியுள்ள கற்களைவிட 5 முதல் 8 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மேலே பலகை போட்டு இடித்தால் மட்டத்துக்கு வந்துவிடும். கடைசியாகக் காய்ந்த நைஸ் மணலைத் தூவிப் பெருக்கி, மறுபடி இடித்து, மீண்டும் தூவுங்கள். இடுக்கு நிறைகிறவரை இதே வேலைதான்.

ஆளை அழைக்க வேண்டிய கட்டம்: பள்ளத்தோடு வீட்டுச் சுவரிலும் விரிசல் தெரிந்தால், அல்லது உயர்த்திக் கட்டிய தளத்தின் தாங்குசுவர் வெளியே சாய்ந்தால், கொத்தனாரைத் தேடாதீர்கள். கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டிய விஷயம் அது.

## அறிகுறி: மிதித்தால் கல் ஆடுகிறது

ஒரே ஒரு கல் என்றால் அடியில் சிறு ஜல்லி மாட்டியிருக்கும், அல்லது ஒரு மூலையில் மணல் இல்லாமல் போயிருக்கும். தூக்கி, சுரண்டி, ஒரு பிடி மணல் போட்டுத் திரும்ப வையுங்கள்.

வரிசையாகப் பல கல் ஆடினால் இடுக்கு மணலைப் பாருங்கள். கல்லுக்குக் கல் பிடிப்புத் தருவதே அந்த மணல்தான். கத்தி முனை ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தடையில்லாமல் இறங்கினால் மணல் போதாது. காய்ந்த நாளில் மணல் தூவிப் பெருக்கி இடித்தாலே பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் ஓரப்பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. ஓரக்கல் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஆடுகிற கல்லைப் பார்த்ததும் இடுக்கில் சிமென்ட் பாலை ஊற்றச் சொல்கிற மேஸ்திரி எல்லா ஊரிலும் இருப்பார். ஊற்றாதீர்கள். இந்தத் தளம் வெயிலிலும் குளிரிலும் இம்மி இம்மியாக அசைந்து கொடுக்கிற மாதிரி போட்டது. சிமென்ட் அசையாது, வெடிக்கும். வெடித்த கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கும், வெளியேற வழியிருக்காது. அதைவிட மோசம், அடுத்த முறை பழுது பார்க்கக் கல்லை முழுசாக எடுக்க முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

## அறிகுறி: மழை நின்றும் தண்ணீர் தேங்குகிறது

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய், நிற்கிற தண்ணீரின் விளிம்பைச் சாக்பீஸால் வரையுங்கள். காய்ந்த பிறகு அந்தக் கோடுதான் உங்கள் வரைபடம்.

வட்டமாக ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் என்றால் அது பள்ளம். மேலே சொன்ன வழிதான். தேங்கும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர் என்றால் விட்டுவிடலாம், வெயில் பார்த்துக்கொள்ளும்.

தளம் முழுக்க மெல்லிசாகத் தண்ணீர் நின்றால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, போதவில்லையா என்று அளக்க வேண்டும். சுவர் ஓரத்தில் ஒரு முளை, எதிர்க்கோடியில் ஒரு முளை அடித்து, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூப்) பிடித்து நூலைச் சமமட்டமாகக் கட்டுங்கள். இரண்டு முனையிலும் நூலிலிருந்து கல் வரை அளந்து பாருங்கள். ஒரு மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. வரை வாட்டம் வேண்டும். 3 மீட்டர் அகலத் தளத்தின் வெளி ஓரம் சுவர் ஓரத்தைவிடக் குறைந்தது 3 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு. வெறும் ரசமட்டத்தை மட்டும் அங்கங்கே வைத்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அரை மீட்டர் மட்டக்கோல் 10 மீட்டர் தளத்தின் கதையைச் சொல்லாது.

வாட்டம் சரியாக இருந்தும் நிற்கிறதா? வெளி ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். புல்தரையோ பூம்பாத்தியோ வருடத்துக்கு வருடம் மண் ஏறி, தளத்தைவிட உயர்ந்து அணை கட்டியிருக்கும். மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டினால் பிரச்சினை முடிந்தது. இத்தனை சுலபமான காரணத்தை விட்டுவிட்டு மொத்தத் தளத்தையும் பெயர்க்கக் கிளம்பியவர்கள் உண்டு.

தண்ணீர் வீட்டுச் சுவரை நோக்கி ஓடினால்தான் அவசரம். சுவரில் ஈரம் ஏறும், அஸ்திவார மண் ஊறும். தளத்தின் மேல்மட்டம் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்கிறதா என்பதையும் கையோடு பாருங்கள். சுவர் ஓரம் இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டு, ஜாலி மூடி போட்ட வடிகால் தொட்டி பதித்து வெளியே விடுவது நடுத்தரச் செலவு. அதிலும் அடங்காத அளவு வாட்டம் தலைகீழாக இருந்தால் ஜல்லியோடு சேர்த்துத் திருப்பிப் போட வேண்டியதுதான். சின்ன இடம் தவிர இதை நீங்களே செய்ய முயலாதீர்கள். மெஷினும் ஆளும் வேண்டும்.

## அறிகுறி: ஓரக்கல் வெளியே நகர்கிறது, இடுக்கு அகலமாகிறது

இடுக்கு 2 முதல் 5 மி.மீ. வரை இருப்பது சரி. ஒரு விரல் நுழைகிற அளவு என்றால் ஓரம் கைவிட்டுவிட்டது. ஓரக்கல்லைக் காலால் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள், நகரும்.

பிளாஸ்டிக் அல்லது அலுமினிய ஓரப்பட்டி என்றால் ஆணி தளர்ந்திருக்கும். 30 செ.மீ.க்கு ஒன்று என்று நீள ஆணியைக் கூடுதலாக அடித்துப் பாருங்கள். ஆணி கை வைத்தாலே இறங்கினால், பட்டி ஜல்லி மேல் இல்லை, வெறும் மண்ணில் நிற்கிறது. ஜல்லி அடித்தளம் கல்லின் கடைசி வரிசைக்கு வெளியே இன்னும் 150 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். தளம் போடுகிறவர்கள் ஜல்லியை மிச்சம் பிடிக்கிற இடமே அதுதான், பிறகு தெரியாது என்கிற தைரியம்.

ஓரத்தைச் சிமென்ட் கலவையால் அணைத்திருந்து அது விண்டுபோயிருந்தால், விண்ட துண்டை எடுத்துவிட்டுக் கரைக்கல் பதித்துப் பின்பக்கம் கான்கிரீட் அணை கொடுங்கள். எது செய்தாலும் முதலில் நகர்ந்த கற்களை ரப்பர் சுத்தியால் உள்ளே தட்டி இடுக்கைச் சேர்த்துவிட்டுத்தான் ஓரத்தைக் கட்ட வேண்டும்.

## அறிகுறி: கார் நிற்கிற இடத்தில் டயர் தடம்

உட்காருவதற்கென்று போட்ட தளத்தில் வண்டியை ஏற்றினால் இதுதான் நடக்கும். நடைக்கு 60 மி.மீ. கல்லும் 100 முதல் 150 மி.மீ. ஜல்லியும் போதும். கார் என்றால் 80 மி.மீ. கல், 200 மி.மீ.க்குக் குறையாத ஜல்லி, குறுக்கு மறுக்காகப் பின்னிய வரிசை. தடத்தை மட்டும் நிரப்பிப் பயனில்லை. வண்டியை வேறிடத்தில் நிறுத்துங்கள், அல்லது அந்தப் பகுதியை முழுக்க எடுத்துத் திரும்பப் போடுங்கள். களிமண் நிலம் என்றால் ஜல்லிக்கு அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஜல்லி சேற்றில் புதையும்.

## அறிகுறி: இடுக்கில் புல், எறும்புப் புற்று, மணல் காணாமல் போவது

அடியில் பிளாஸ்டிக் ஷீட் போடாததால் புல் வருகிறது என்பார்கள். அநேகமாக அது காற்றில் வந்து விழுந்த விதை, இடுக்கில் சேர்ந்த தூசியில் முளைத்தது. பிடுங்கிப் பாருங்கள், வேர் இடுக்கோடு நின்றுவிடும். பிளாஸ்டிக் ஷீட் தண்ணீரைத்தான் தடுக்கும்.

அடிக்கடி பெருக்குவதும், இடுக்கை மணலால் நிரப்பி வைப்பதும் போதும். எறும்பு குவித்த மணலைக் கண்டால் உடனே இடுக்கில் திருப்பித் தள்ளாமல் முதலில் எறும்பை ஒழியுங்கள். அவை வெளியே கொட்டுவது கல்லுக்கு அடியில் இருக்க வேண்டிய மணல். பல மாதம் விட்டால் அந்த இடம் பொள்ளலாகிக் கல் இறங்கும்.

பிரஷர் வாஷரை நேர்க்குத்தாகப் பிடித்துக் கழுவுகிறவர்கள் மணலைத் தாங்களே வெளியேற்றுகிறார்கள். முனையைச் சாய்த்து, 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். கழுவிக் காய்ந்ததும் மணல் நிரப்புவதையும் சேர்த்துத்தான் கழுவும் வேலை.

தொல்லை தீரவில்லை என்றால் பாலிமர் மணல் இருக்கிறது, நனைத்தால் இறுகிப் பிடிக்கும். கல் எலும்பாகக் காய்ந்திருக்கும் நாளில்தான் போட வேண்டும். கல்லின் மேல் ஒட்டிய தூளை முழுக்க ஊதித் தள்ளிவிட்டு நனையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை மூட்டமாக ஒட்டிக்கொண்டு போகவே போகாது. ஆடுகிற தளத்தில் அதைப் போட்டால் காசு வீண், ஆட்டத்தில் உதிர்ந்துவிடும்.

## அறிகுறி: கல் மேலே எழும்புகிறது

பக்கத்தில் மரம் இருக்கிறதா பாருங்கள். கல்லை எடுத்தால் வேர் தெரியும். விரல் கனமுள்ள வேரை வெட்டி எடுக்கலாம். மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் என்றால் கோடரியைக் கீழே வையுங்கள். அதை வெட்டினால் மரம் பட்டுப்போகலாம், காற்றில் சாயவும் செய்யலாம். மரத்தைச் சுற்றித் தளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. இடம் விடவே முடியாது என்றால் மர வளர்ப்பு தெரிந்தவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மரமே இல்லாமல் மழையில் எழும்பி, கோடையில் இறங்கினால் அடியில் களிமண். தண்ணீர் குடித்து உப்பி, காய்ந்து சுருங்குகிறது. தண்ணீர் அங்கே சேராமல் திருப்பிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மண்ணை வெட்டியெடுத்து ஜல்லி போடுகிற பெரிய வேலை.

## அறிகுறி: கல்லில் வெள்ளை பூக்கிறது

புதுத் தளத்தில் இதைப் பார்த்துக் கல் விற்றவரோடு சண்டைக்குப் போகிறவர்கள் அதிகம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது உப்புப் பூத்தல். சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றுப்பட்டு வெளுக்கிறது. கல் கெட்டுப்போகவில்லை. காய்ந்த முரட்டு பிரஷால் தேய்த்துவிட்டுச் சில மாதம் பொறுங்கள், மழையும் நடையும் குறைத்துவிடும்.

அவசரப்பட்டு சீலர் (கல்லின் மேல் அடிக்கிற காப்புப் பூச்சு) அடித்தால் வெள்ளை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அமிலக் கிளீனர் கடைசி வழி. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. மூலையில் ஒரு கல்லில் சோதித்த பிறகே மற்ற இடம். அது கல்லின் நிறத்தையும் கொஞ்சம் தின்னும். வருடங்கள் ஆகியும் ஒரே இடத்தில் மட்டும் பூத்துக்கொண்டே இருந்தால் அங்கே அடியில் ஓயாத ஈரம் இருக்கிறது. தேக்கத்துக்கும் குழாய்க்கும் சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

## அறிகுறி: விளிம்பு தெறிக்கிறது, கல் உடைகிறது

விளிம்பு மட்டும் சில்லு சில்லாகத் தெறித்தால் கல்லும் கல்லும் இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டு பதித்திருக்கிறார்கள். அந்த வரிசையை எடுத்து 3 மி.மீ. இடுக்கு விட்டுப் போடுங்கள். நடுவில் குறுக்காக உடைந்தால் அடியில் ஒரு பக்கம் தாங்கல் இல்லை. உடைந்ததை மாற்றும்போது மணலையும் சரிசெய்யாவிட்டால் புதுக் கல்லும் உடையும்.

## அறிகுறி: பாசி வழுக்கல், கறை

பாசிக்கு நிழலும் ஈரமும் காரணம். மேலே கவிந்த கிளையைக் கழித்து, முரட்டு பிரஷால் தேய்த்தெடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் போடுவதானால் செடிகளுக்குப் போகாமல் தடுத்துப் போடுங்கள், அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

எண்ணெய்க் கறை புதிதாக இருந்தால் மரத்தூளைக் கொட்டி ஒரு இரவு விட்டு, பிறகு சோப்புத் தண்ணீரில் தேயுங்கள். இரும்பு நாற்காலி விட்ட துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலக் கிளீனர் கேட்கும். எதற்கும் போகாத கறை என்றால் அந்தக் கல்லைத் தூக்கி, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் கல்லோடு இடம் மாற்றிவிடுங்கள்.